இறாலுக்குள் வைரஸ் இருந்தால் இறால் செத்துவிடுமா?

1992ஆம் ஆண்டின் நடுவில் ஈக்வடாரின் குவாயாகில் வளைகுடாவை ஒட்டிய இறால் குளங்களில் ஒரு புதுவிதமான சாவு தொடங்கியது. தவூரா என்ற ஆற்றுப் பக்கத்துப் பண்ணைகளில்தான் அது முதலில் கண்ணில் பட்டது. இளம் இறால்களின் வால் விசிறி சிவந்தது, ஓடு மெத்தென்று ஆனது. பெரும்பாலும் ஓடு உரிக்கும் நேரத்தில் அவை கூட்டம் கூட்டமாகச் செத்தன. தப்பிப் பிழைத்தவற்றின் ஓட்டில் ஒழுங்கில்லாத கறுப்புத் தழும்புகள் இருந்தன.

அதே வட்டாரத்தில் வாழைத் தோட்டங்கள் ஏராளம். வாழையில் கறுப்பு சிகடோகா என்ற இலைப்புள்ளி நோய் பரவியிருந்த காலம் அது. அதற்காகப் பூஞ்சைக்கொல்லி மருந்துகளைத் தெளித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து வடிநீர் ஆற்றில் கலக்கிறது, ஆற்றுநீர் குளத்துக்கு வருகிறது, இறால் சாகிறது. கணக்கு நேராகத்தான் இருந்தது. பூஞ்சைக்கொல்லிதான் காரணம் என்று பண்ணையாளர்கள் உறுதியாக நம்பினார்கள், வழக்குகள்கூட நடந்தன.

அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னரின் குழு வேறு வழியில் போனது. நோய்ப்பட்ட இறாலின் திசுவிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்து, நோயே அறியாத சுத்தமான இறால்களுக்கு ஊசியில் ஏற்றினார்கள். அவையும் அதே அடையாளங்களோடு விழுந்தன. அவற்றின் உடலிலும் அதே வைரஸ் இருந்தது, குறுக்களவு வெறும் 32 நானோமீட்டர். 1995இல் விஷயம் தெளிவானது: தவூரா நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ்.

பண்ணையாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. செத்துக் கிடக்கும் இறாலைப் பார்த்து விஷமா, வைரஸா, பாக்டீரியாவா, ஆக்சிஜன் குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2009-10 வாக்கில் சீனாவிலும் பிறகு வியட்நாம், தாய்லாந்திலும் குஞ்சு விட்ட ஒரு மாதத்துக்குள் இறால்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, வைரஸாக இருக்குமோ என்றும் தேடினார்கள். 2013இல் லைட்னரின் குழுவே அது வைரஸ் இல்லை என்று காட்டியது. நச்சுப் புரதம் சுரக்கும் ஒருவகை விப்ரியோ பாக்டீரியாதான் குற்றவாளி.

சரி, வைரஸ்தான் என்று தெரிந்த பிறகாவது கதை எளிதாகுமா? ஆகாது. இறால் நோய் ஆராய்ச்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இறாலுக்குள் வைரஸ் இருப்பது ஒரு விஷயம், இறால் நோயில் விழுவது இன்னொரு விஷயம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் இந்தத் துறையின் பெரும்பாலான கேள்விகள் கிடக்கின்றன. மேலே சொன்ன தவூரா வைரஸையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அலையில் தப்பிய இறால் அடுத்த ஓடு உரிப்போடு தழும்பையும் உதறிவிட்டுப் பார்வைக்கு முழு ஆரோக்கியமாகிவிடும். ஆனால் உள்ளே நிணநீர் உறுப்பில் வைரஸ் தங்கிவிடுகிறது. அந்த இறாலைத் தாய் இறாலாக வேறு பண்ணைக்குக் கொண்டுபோனால் நோயும் கூடவே போகும்.

எத்தனை வைரஸ்கள், எத்தனை குணங்கள்

ஓடுடைய உயிரினங்களில் வைரஸ் இருப்பது தெரிந்தே அறுபது ஆண்டுகள்தான் ஆகின்றன. 1966இல் கான்ஸ்டான்டின் வாகோ மத்தியதரைக் கடல் நண்டு ஒன்றில் முதல் வைரஸை விவரித்தார். இறாலில் முதலில் கண்டவர் ஜான் கவுச். 1974இல், மெக்சிகோ வளைகுடாவின் இளஞ்சிவப்பு இறாலின் கல்லீரல்-கணையத்தில் பாக்குலோ வைரஸ் ஒன்று இருப்பதை அவர் காட்டினார். அப்போது இறால் பண்ணைத் தொழிலே குழந்தைப் பருவத்தில் இருந்தது. தொழில் வளர வளரத்தான் வைரஸ்களின் பட்டியலும் நீண்டது. காட்டுக் கடலில் சிதறி வாழும் உயிரை ஒரு குளத்தில் லட்சக்கணக்கில் நெருக்கி வைத்தால், அதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்ததெல்லாம் வெளியே வரும்.

பட்டியல் முழுவதையும் இங்கே ஒப்பிக்கப்போவதில்லை. இரண்டு வைரஸ்களைப் பார்த்தால் போதும், முன்னே சொன்ன இடைவெளி புரிந்துவிடும்.

முதலாவது, 1981இல் ஹவாயில் நீல இறால்களிடம் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பார்வோ வைரஸ். ஆராய்ச்சியாளர்கள் ஐஎச்எச்என்வி என்று சுருக்கிச் சொல்வார்கள். குறுக்களவு 22 நானோமீட்டர், மரபணுப் பொருளில் ஏறத்தாழ 4,000 எழுத்துகள். கடல் இறாலைத் தாக்கும் வைரஸ்களில் மிகப் பொடிசான வகை. நீல இறாலின் குஞ்சுகளில் புகுந்தால் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். அதே வைரஸ் வெனாமி என்ற வெள்ளை இறாலில் புகுந்தால் சாவு கிடையாது. நெற்றிக்கொம்பு வளைந்து, மீசை சுருண்டு, ஒரே குளத்து இறால்களில் சில பெரிதாகவும் சில குட்டையாகவும் வளரும். பிடித்து எடைபோடும்போது விலை விழும், அவ்வளவுதான். கறுப்புப் புலி இறாலிலோ பெரும்பாலும் எந்த அடையாளமும் இருக்காது. வைரஸ் ஒன்று, விருந்தாளியை வரவேற்கும் வீடுகள் மூன்று, முடிவுகளும் மூன்று.

இரண்டாவது, நன்னீர் ராட்சத இறாலில் வரும் வெண்வால் நோய். 1990களில் கரீபியக் கடலின் குவாதலூப் தீவில் முதலில் தெரியவந்தது, அப்புறம் சீனா, இந்தியா, தாய்லாந்து என்று பல நாடுகளில். இதில் வைரஸ்கள் இரண்டு. ஒன்று நோடா வைரஸ். மற்றொன்று அதைவிடச் சிறிய, 15 நானோமீட்டர் அளவிலான துணை வைரஸ். நோடா வைரஸின் உதவி இல்லாமல் இந்தத் துணை வைரஸால் பெருக முடியாது. சில நாள் குஞ்சுகளில் இவை புகுந்தால் வால் தசை பால்போல் வெளுத்து, அடையாளம் தெரிந்த சில நாட்களிலேயே ஏறத்தாழ எல்லாம் போய்விடும். வளர்ந்த இறாலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அது முட்டையிடும்போது வைரஸை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிடும். இங்கே இடைவெளியை உண்டாக்குவது இனம் இல்லை, வயது.

வெள்ளைப்புள்ளி

இப்போது பெரியவருக்கு வருவோம். இறால் வளர்ப்பில் வைரஸ் என்று சொன்னாலே பலர் நினைப்பது வெள்ளைப்புள்ளி வைரஸைத்தான். 1990களின் தொடக்கத்தில் சீனா, தைவான் பகுதியில் தோன்றி, 1993இல் ஜப்பான், 1994இல் இந்தியா, 1995இல் அமெரிக்காவின் டெக்சாஸ், 1999இல் ஈக்வடார் என்று கடல் கடந்து போனது. ஈக்வடாரின் இறால் ஏற்றுமதி 1998இல் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் இருந்தது, 2000இல் 40,000 டன்னுக்குக் கீழே வந்துவிட்டது.

வடிவத்திலும் இது தனி ரகம். முட்டையும் கோலும் கலந்த உருவம், ஒரு முனையில் நூல்போல ஒரு வால். மரபணுப் பொருள் ஏறத்தாழ 3 லட்சம் எழுத்துகள் கொண்ட வட்டமான டிஎன்ஏ. ஐஎச்எச்என்வியோடு ஒப்பிட்டால் எழுபது மடங்குக்கு மேல். 2001இல் அதன் முழு வரிசையையும் படித்தபோது, அதிலிருந்த மரபணுக்களில் பெரும்பாலானவை அதுவரை தெரிந்த எந்த வைரஸோடும் ஒத்துப்போகவில்லை. அதற்கென்றே நிமாவிரிடே என்று தனிக் குடும்பம் உருவாக்க வேண்டியிருந்தது.

பெயருக்குக் காரணமான புள்ளிகளைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். நோய்ப்பட்ட இறாலின் தலைப்பகுதியை மூடியிருக்கும் ஓட்டை மெல்லக் கழற்றி, உட்பக்கம் ஒட்டியிருக்கும் சதையை விரலால் தேய்த்து நீக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரையான வெண்வட்டங்கள் தெரியும். அவை ஓட்டின் மேல் ஒட்டிய அழுக்கில்லை, சுரண்டினால் போகாது. ஓட்டைச் சுரக்கும் தோல் செல்களை வைரஸ் கெடுத்துவிடுவதால், சுண்ணாம்புச் சத்து ஓட்டின் உட்புறத்தில் தாறுமாறாகப் படிந்து இந்தப் புள்ளிகளாகிறது. நுண்ணோக்கியில் அதே தோலைப் பார்த்தால் செல்களின் உட்கரு அளவுக்கு மீறி வீங்கி நிற்கும். வைரஸ் பெருகும் பட்டறை அந்த உட்கருதான்.

ஆனால் புள்ளியை மட்டும் நம்பக் கூடாது. வெனாமி இறாலில் பல நேரம் புள்ளியே வராமல் நோய் முற்றிவிடும். மாறாக, சில பாக்டீரியாக்களாலும் தண்ணீரின் காரத்தன்மை கூடுவதாலும் வைரஸே இல்லாமல் புள்ளி வருவதுண்டு. களத்தில் பெரும்பாலும் முதலில் தெரிவது தீவனத் தட்டுதான். திடீரென்று தீவனம் மிச்சமாகும். அப்புறம் சோர்ந்த இறால்கள் கரையோரம் ஒதுங்கும், உடல் செம்மை படரும். அங்கிருந்து 3 முதல் 10 நாட்களுக்குள் குளம் காலியாகிவிடலாம்.

இத்தனை கொடிய வைரஸுக்கும் அந்த இடைவெளி உண்டு என்பதுதான் வியப்பு. 90-க்கும் மேற்பட்ட கணுக்காலி இனங்களில் இந்த வைரஸ் கண்டறியப்பட்டிருக்கிறது. நண்டு, சிங்கி இறால், நன்னீர்க் கல்நண்டு, பொடி மிதவை உயிரிகள் எல்லாம் அதில் அடக்கம். நண்டுகளில் பல அதைச் சுமந்தபடி நாட்கணக்கில் சாதாரணமாகத் திரியும். பண்ணையைச் சுற்றித் தாழ்வான நண்டு வேலி போடுவதும், குளத்துக்கு மேலே பறவைக் கயிறு கட்டுவதும் இதனால்தான். செத்த இறாலைக் கொத்திய பறவை அடுத்த குளத்தில் ஒரு துண்டைத் தவறவிட்டால் போதும். அதை உயிருள்ள இறால்கள் தின்றுவிடும். தன் இனத்தையே தின்னும் பழக்கம் இறாலுக்கு உண்டு, வைரஸுக்கு இதைவிட வசதியான வாகனம் கிடையாது.

எப்போது நோயாகிறது என்பதில் இரண்டு கண்டுபிடிப்புகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒன்று வெப்பநிலை. வெள்ளைப்புள்ளி வைரஸை ஏற்றிய வெனாமி இறால்களை 32 டிகிரி செல்சியஸில் வைத்தால் சாவு வெகுவாகக் குறைகிறது. ஆனால் வைரஸ் அழிந்துவிடவில்லை. தண்ணீரைக் குளிரவைத்தால் மறுபடி தலைதூக்குகிறது. 26 டிகிரி பக்கம் வைத்தவை கொத்தாகச் சாகின்றன. வைரஸும் அதே, இறாலும் அதே, தண்ணீரின் சூடு மட்டும்தான் வேறு.

மற்றொன்று ஓடு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2009இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். வைரஸ் கலந்த தண்ணீரில் இறால்களை விட்டார்கள். ஓடு கெட்டியாக, காயமில்லாமல் இருந்தவற்றில் தொற்று எளிதில் ஏறவில்லை. அப்போதுதான் ஓடு உரித்து மெத்தென்று இருந்தவற்றிலும், காலோ ஓடோ காயப்பட்டவற்றிலும் ஏறியது. ஆக, ஓடு உரிக்கும் காலம் இறாலுக்கு இரட்டை ஆபத்து. தன் கூட்டமே தன்னைத் தின்னப் பார்க்கும், வைரஸுக்கும் வாசல் திறந்திருக்கும். திடீர் மழையில் உப்புத்தன்மை குறைந்து குளத்திலுள்ள இறால்கள் ஒரே நேரத்தில் ஓடு உரித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தடுப்பூசி ஏன் இல்லை

இந்தக் கேள்வி உடனே வரும். மீன்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது, இறாலுக்கு ஏன் இல்லை?

தடுப்பூசி வேலை செய்வது ஞாபகத்தால். நம் உடலிலும் மீனின் உடலிலும் ஒருமுறை பார்த்த எதிரியை நினைவில் வைத்திருக்கும் செல்களும், அவனுக்கென்றே செய்த ஆன்டிபாடிகளும் இருக்கின்றன. இறாலுக்கு ஆன்டிபாடி கிடையாது. ரத்தச் செல்கள் அந்நியப் பொருளை விழுங்கும், சூழ்ந்து கட்டும். காயம் பட்ட இடத்தில் மெலனின் என்ற கறுப்பு நிறமி படிந்து அடைக்கும். தவூரா நோயின் கறுப்புத் தழும்பு இந்த வேலையின் மிச்சம்தான். இதெல்லாம் பொதுவான காவல், ஆளைப் பார்த்துச் செய்யும் காவல் இல்லை.

அப்படித்தான் பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஜப்பானில் வெள்ளைப்புள்ளியிலிருந்து தப்பிய குருமா இறால்களுக்குச் சில வாரங்கள் கழித்து மறுபடி அதே வைரஸைக் கொடுத்தபோது, அவை மற்ற இறால்களைவிட நன்றாகத் தாங்கின. வைரஸின் மேலுறையிலுள்ள விபி28 என்ற புரதத்தைத் தீவனத்தில் கலந்து கொடுத்தாலும் கொஞ்ச காலம் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் சில வாரங்களில் அது தேய்ந்துவிடுகிறது. ஞாபகம் என்று சொல்ல முடியாது, ஞாபகமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

2004இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் நடந்த சோதனை இதை வேறு திசையில் கொண்டுபோனது. இரட்டை இழை ஆர்என்ஏவை வெனாமி இறாலுக்குள் ஏற்றினால், அது எந்த வரிசையாக இருந்தாலும் வைரஸை எதிர்க்கும் தன்மை ஓரளவு எழுகிறது. வைரஸின் சொந்த மரபணு வரிசையிலேயே அந்த ஆர்என்ஏவைச் செய்து கொடுத்தால் பாதுகாப்பு பலமடங்கு கூடுகிறது. இறால் செல் அந்த இழையைத் துண்டுதுண்டாக வெட்டி, துண்டுகளை மாதிரியாக வைத்துக்கொண்டு, அதோடு பொருந்தும் வைரஸ் ஆர்என்ஏவைத் தேடி அழிக்கிறது. ஆளைப் பார்த்துச் செய்யும் காவல் இறாலிடமும் இருக்கிறது, ஆன்டிபாடி வழியில் இல்லை, அவ்வளவுதான். ஆய்வகத்தில் பிரமாதமாக வேலை செய்யும் இந்த முறை குளத்துக்கு வராததற்குக் காரணம் எளிது. லட்சக்கணக்கான இறால்களுக்கு ஊசி போட முடியாது. தீவனத்தில் கொடுத்தால் குடலில் ஆர்என்ஏ சிதைந்துவிடும். அதைச் சிதையாமல் கொண்டுசேர்க்கும் வழியைத்தான் பல ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.

ஆராய்ச்சியை இழுத்துப் பிடிக்கும் இன்னொரு தடை, வெளியில் அதிகம் பேசப்படாதது. வைரஸை ஆராய அதை வளர்க்க வேண்டும். வளர்க்க உயிருள்ள செல் வேண்டும். மனிதச் செல், குரங்குச் செல், கொசுச் செல் எல்லாம் கண்ணாடிக் குடுவையில் ஆண்டுக்கணக்கில் பெருகிக்கொண்டே இருக்கும்படி செய்துவிட்டார்கள். இறால் செல்லில் அது இன்னும் கைகூடவில்லை. பல பத்தாண்டு முயற்சிக்குப் பிறகும், எல்லா ஆய்வகங்களும் நம்பிப் பயன்படுத்தும் நிரந்தர இறால் செல் வரிசை ஒன்றுகூட இல்லை. எடுத்த செல்கள் கொஞ்ச நாள் உயிரோடு இருக்கும், பெருகாமல் ஓய்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் உயிருள்ள இறால்தான். ஒரு இறாலைப்போல் இன்னொன்று இருக்காது என்பதால் முடிவுகளும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் ஆடும். இந்த ஒரு பூட்டு திறந்தால் துறையே வேகமெடுக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சோதனையில் "இல்லை" என்றால் இல்லையா?

மருந்தும் தடுப்பூசியும் இல்லாத இடத்தில், வைரஸ் யாரிடம் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் மிஞ்சும் ஆயுதம். அதற்குப் பிசிஆர் சோதனை. வைரஸின் டிஎன்ஏவில் குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் கோடிக்கணக்கில் படியெடுத்துக் காட்டும் முறை. வெள்ளைப்புள்ளிக்கு 1996இல் தைவானில் உருவான இரண்டு கட்டப் பிசிஆர் முறை உலகமெங்கும் பரவியது. இறாலின் ஒரு காலை நறுக்கி அனுப்பினாலே போதும், தாய் இறாலைக் கொல்லாமல் சோதித்துவிடலாம்.

சோதனை எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், எத்தனை இறாலைச் சோதித்தீர்கள் என்ற கேள்வியில்தான் பலர் வழுக்கிவிடுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குஞ்சுத் தொட்டியில் 100-க்கு 2 குஞ்சுகளிடம் வைரஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு குஞ்சை எடுத்தால் அது சுத்தமானதாக இருக்கும் வாய்ப்பு 98 சதவீதம். பத்துக் குஞ்சு எடுத்தால் பத்துமே சுத்தமாக அமையும் வாய்ப்பு 82 சதவீதம். அதாவது இந்தத் தொட்டியிலிருந்து பத்துக் குஞ்சைச் சோதித்தால், ஐந்தில் நான்கு முறை "வைரஸ் இல்லை" என்ற பொய்ச் சான்றிதழ்தான் கையில் கிடைக்கும். 60 குஞ்சு எடுத்தாலும் 30 சதவீதம் ஏமாறலாம். 150 எடுத்தால்தான் அது 5 சதவீதத்துக்கு இறங்குகிறது. குஞ்சுத் தொகுதியிலிருந்து 150 மாதிரி எடுக்கச் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான். 2 சதவீதத் தொற்று சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு லட்சம் குஞ்சு விட்ட குளத்தில் அது 2,000 இறால்.

எதிர்ப்பக்கமும் பிழை வரும். ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாக் கடல்களின் கறுப்புப் புலி இறால்களில் ஐஎச்எச்என்வி இருப்பதாகப் பிசிஆர் சொன்னது, ஆனால் அவற்றால் வேறு இறாலுக்குத் தொற்றைக் கொடுக்க முடியவில்லை. தோண்டிப் பார்த்ததில், அந்த வைரஸின் துண்டு எப்போதோ இறாலின் சொந்த மரபணுத் தொகுதிக்குள்ளேயே செருகப்பட்டு, தலைமுறை தலைமுறையாக இறங்கிவருவது தெரிந்தது. எப்போதோ வந்துபோனவரின் செருப்பு வாசலில் கிடப்பதை வைத்து ஆள் உள்ளே இருக்கிறார் என்று முடிவுகட்டுவது போன்றது அந்தப் பிசிஆர் முடிவு. இப்போது உண்மை வைரஸையும் செருகிய துண்டையும் பிரித்தறியத் தனிப் பிசிஆர் முறைகள் இருக்கின்றன.

அந்தத் துண்டு வெறும் குப்பையா? தாய்லாந்தில் நீண்டகாலம் ஆராய்ந்த திமோதி ஃபிளெகல் அப்படி நினைக்கவில்லை. இறால் வைரஸோடு சண்டைபோட்டு வெல்வதைவிட அதோடு ஒத்து வாழப் பழகுகிறது என்ற கருத்தை அவர் 1990களின் பிற்பகுதியிலேயே முன்வைத்தார். பிறகு அதையே விரித்து, மரபணுவுக்குள் செருகப்பட்ட வைரஸ் துண்டுகளிலிருந்து ஆர்என்ஏ உருவாகி, முன்னே பார்த்த வெட்டி அழிக்கும் வேலைக்கு மாதிரியாக உதவலாம் என்றார். ஆன்டிபாடி இல்லாத உயிருக்கு அந்தத் துண்டுகளே ஞாபகம் என்றாகிறது. முழுவதும் நிறுவப்பட்ட விஷயம் என்று இதைச் சொல்ல மாட்டேன், ஆனால் சான்றுகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

விலக்கி வைப்பதா, தாங்கவைப்பதா

பண்ணையில் இதற்கெல்லாம் என்ன பயன்? இரண்டு பாதைகள் உருவாயின.

ஒன்று, வைரஸே இல்லாத தாய் இறால். 1980களின் இறுதியில் ஹவாயை மையமாகக் கொண்டு அமெரிக்காவில் இந்த வேலை தொடங்கியது. காட்டு இறாலைத் தனிமையில் வைத்து, திரும்பத் திரும்பச் சோதித்து, குறிப்பிட்ட நோய்க்காரணிகள் இல்லாத பரம்பரையை உருவாக்கினார்கள். எஸ்பிஎஃப் (Specific Pathogen Free) இறால் என்று விற்பது இதைத்தான். 2000களில் ஆசியப் பண்ணைகள் கறுப்புப் புலியைவிட்டு வெனாமிக்கு மாறியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் இந்தப் பெயரைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பட்டியலிட்ட சில நோய்க்காரணிகள், தான் வளர்ந்த கட்டடத்தைவிட்டு இறால் கிளம்பும்வரை அதில் இல்லை என்பதுதான் அதன் பொருள். நோயைத் தாங்கும் சக்தி இருக்கிறது என்று பொருளில்லை. பட்டியலில் இல்லாத புது வைரஸுக்கும் உத்தரவாதம் இல்லை. 2002இல் பிரேசிலில் தசை வெளுக்கும் மயோநெக்ரோசிஸ் வைரஸ் தோன்றியது. 2006இல் அது இந்தோனேசியாவில் இருந்தது. இரண்டு நாட்டு வைரஸ்களின் வரிசையும் ஏறத்தாழ அச்சாக ஒன்றாக இருந்தன. நடுவில் இரண்டு பெருங்கடல் தூரம். தானாக நீந்திப் போயிருக்காது, கொண்டுபோன இறாலோடுதான் போயிருக்க வேண்டும்.

இரண்டாவது பாதை ஈக்வடாருடையது. வெள்ளைப்புள்ளி அடித்து ஓய்ந்த பிறகு, குளத்தில் மிச்சமிருந்த இறால்களையே தாய் இறாலாக்கி, அவற்றின் பிள்ளைகளில் பிழைத்தவற்றை மறுபடி தாயாக்கி, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கினார்கள். குளத்தில் நெருக்கத்தைக் குறைத்தார்கள். வைரஸை ஒழிக்கவில்லை, அதோடு விளைச்சல் எடுக்கக் கற்றார்கள். 40,000 டன்னுக்குக் கீழே போன அந்த ஏற்றுமதி 2022இல் 10 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது.

எந்தப் பாதை சரி என்று கேட்டால், இடத்தைப் பொறுத்தது என்றுதான் சொல்வேன். தாங்கும் இறால் வைரஸைச் சுமக்கிறது. அதை வைரஸ் இல்லாத வட்டாரத்துக்குக் கொண்டுபோனால் அங்கிருக்கும் இறாலுக்கு அது எமன். சுத்தமான இறாலை வைரஸ் ஊறிய திறந்த குளத்தில் விட்டால் அதற்கே ஆபத்து.

பண்ணைக்கு வெளியே இயற்கை இதை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்கவும் ஆள் இருக்கிறார்கள். கரீபியக் கடலின் முள் சிங்கி இறால்கள் பகலில் ஒரே பொந்தில் கூட்டமாக ஒண்டிக்கொள்ளும் பழக்கமுடையவை. அவற்றின் இளம் பருவத்தைத் தாக்கும் ஒரு வைரஸ் உண்டு, ரத்தத்தைப் பால்போல் ஆக்கி உறையவிடாமல் செய்துவிடும். ஃபுளோரிடாவில் ஆராய்ந்த பெரிங்கர், பட்லர், ஷீல்ட்ஸ் மூவரும் 2006இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். ஆரோக்கியமான சிங்கிகள் நோயாளி இருக்கும் பொந்துக்குள் போவதில்லை. நோயாளி வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே, பிறருக்குத் தொற்றைக் கொடுக்கும் நிலையை எட்டும் முன்பே ஒதுங்கிவிடுகின்றன. சிறுநீரில் கலந்துவரும் ஏதோ ஒரு வாசனை இதைக் காட்டிக்கொடுப்பதாகப் பிந்தைய சோதனைகள் சொல்கின்றன. பிசிஆர் கருவி இல்லாமல் அவை செய்யும் சோதனை நம்முடையதைவிட வேகம்.

கடைசியாக, இறால் சாப்பிடுகிறவர்கள் கேட்கும் கேள்வி. இந்த வைரஸ்கள் எதுவும் மனிதருக்கு நோயைக் கொடுப்பதாக அறியப்படவில்லை, சமைத்துச் சாப்பிடுவதில் பயமில்லை. ஆனால் உறைபனியில் வைத்த பச்சை இறாலில் வெள்ளைப்புள்ளி வைரஸ் வீரியத்தோடு இருக்கும். அதை யாராவது தூண்டில் இரையாக மாட்டித் தண்ணீரில் போட்டால், அங்கிருக்கும் இறாலும் நண்டும் அதைத் தின்னும். 2016 நவம்பர்-டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், லோகன் ஆற்றங்கரைப் பண்ணைகளில் இந்த நோய் வெடித்தது. குளங்களில் குளோரின் கொட்டி இறால்களை அழித்தார்கள், அடுத்த சில மாதங்களில் பக்கத்து மோர்ட்டன் விரிகுடாவின் காட்டு இறால்களிலும் வைரஸ் இருப்பது தெரியவந்தது. எப்படி வந்தது என்று கடைசிவரை உறுதியாகவில்லை. சந்தேகப் பட்டியலில் இறக்குமதியான பச்சை இறாலை இரையாகப் போட்டதும் இருந்தது. 2017 ஜனவரியில் ஆஸ்திரேலிய அரசு பச்சை இறால் இறக்குமதியை நிறுத்திவைத்து, சில மாதங்கள் கழித்துக் கடுமையான சோதனை நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதித்தது. சமைத்த இறாலுக்கு அந்தத் தடை இருக்கவில்லை.